டிஸ்க்கை அழிக்காமலேயே விண்டோஸ் 11 போடலாம்: எம்பிஆர், ஜிபிடி சிக்கலுக்கு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்டதில் பிசகு இருந்தால் பதிலும் பிசகிவிடும். பள்ளத்தூர் வீட்டில் இருக்கும் கணினி 2019இல் அசெம்பிள் செய்து வாங்கியது. ஒன்பதாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், உள்ளே ஒரே ஒரு 1 டிபி ஹார்டுடிஸ்க். அதில் சி, டி, இ என்று மூன்று டிரைவ்கள். டி டிரைவில் அப்பச்சியின் கடைக் கணக்கு டாலியில் இருக்கிறது. இ டிரைவில் நீங்கள் இரண்டு கோடை விடுமுறைகளில் உட்கார்ந்து ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரங்கள், ஐயா காலத்து இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஏடு, மொய்ப்பண ஏடுகள், பழைய படங்கள் எல்லாம் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11 போட நினைத்துப் பென்டிரைவில் பூட் செய்தீர்கள். எந்த டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும் ‘இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது’ என்றே வந்தது. எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்யுங்கள் என்று ஒரு வீடியோவும், முழு டிஸ்க்கையும் ஃபார்மட் அடிக்க வேண்டும் என்று ஒரு கடைக்காரரும் சொல்லியிருக்கிறார்கள். இ டிரைவில் இருப்பதை டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யாதீர்கள். டிஸ்க்கை முழுதாக அழிக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. அதைவிட முக்கியமாக, இ டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி செய்வது பாதுகாப்பு ஆகாது. இரண்டும் ஒரே ஹார்டுடிஸ்க்கின் இரண்டு துண்டுகள். வீடியோவில் சொன்னபடி எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்திருந்தால் இரண்டு காப்பியும் ஒரே நொடியில் போயிருக்கும். காரைக்குடியில் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு வருகிற ‘எல்லாம் போச்சு’ என்ற அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறான நம்பிக்கையில்தான் தொடங்குகின்றன. கணினியைத் திறந்தால் சி, டி, இ என்று தனித்தனியாகத் தெரிவதால், அவை தனித்தனிப் பொருள்கள் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு ஹார்டுடிஸ்க்.

திரையில் வந்த செய்தியை முழுமையாகப் படித்துப் பாருங்கள். ‘தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் எம்பிஆர் பட்டியல் இருக்கிறது, இஎஃப்ஐ கணினிகளில் ஜிபிடி டிஸ்க்கில்தான் விண்டோஸை நிறுவ முடியும்’ என்பதே அதன் பொருள். எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதி வைக்கும் பழைய, புதிய முறைகள். இஎஃப்ஐ அல்லது யுஇஎஃப்ஐ என்பது கணினி பூட் ஆகும் புதிய முறை. டிஸ்க் கெட்டுவிட்டது என்றோ, அழியுங்கள் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கணினி பூட் ஆன முறையும், டிஸ்க்கில் பார்ட்டிஷன்கள் எழுதப்பட்டிருக்கும் முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது.

பார்ட்டிஷன் பட்டியல் என்பதை நம் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம்போல நினைத்துக்கொள்ளுங்கள். வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், உள்வீடு என்று ஒரு தனி அறை இருக்கிறது, அதற்கென்று ஒரு சாவி இருக்கிறது. எந்த உள்வீடு யாருடையது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் தொலைந்துவிட்டால் சுவர்கள் இடிந்துவிடுவதில்லை, உள்ளே இருக்கும் பெட்டகமும் காணாமற்போவதில்லை. எது யாருடையது என்று சொல்ல ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். டிஸ்க்கிலும் அப்படியே. பட்டியல் என்பது மிகச் சிறிய எழுத்து. தகவல்கள் வேறிடத்தில் இருக்கின்றன. பட்டியலை மாற்றி எழுதலாம், தொலைந்தால் மீட்டும் எழுதலாம். ஆனால் அந்த இடத்தின்மேல் புதிதாக எதையாவது எழுதிவிட்டால் அது இடித்துக் கட்டியதற்குச் சமம். அதன்பிறகு மீட்பு கிடையாது.

எம்பிஆர் முறை 1983இல், ஐபிஎம் கணினிகளுக்கு 10 எம்பி ஹார்டுடிஸ்க் வந்த காலத்தில், டாஸ் 2.0உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில்தான் எல்லாம் அடக்கம்: 446 பைட் பூட் செய்வதற்கான நிரல், 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி 2 பைட் அடையாள முத்திரை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வேண்டும் என்பதால் 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. இந்த நான்கு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். உங்கள் சிக்கலின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. பட்டியலின் இன்னொரு படி எங்கும் கிடையாது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகக் கையாளவும் அதனால் இயலாது. ஜிபிடி முறையோ வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் வைத்திருக்கிறது. பட்டியலை டிஸ்க்கின் தலைப்பில் ஒருமுறையும், கடைசியில் ஒருமுறையும் எழுதி, எழுத்துப் பிழை வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் ஓர் எண்ணையும் சேர்த்து வைக்கிறது. பத்திரத்தை இரண்டு படி எடுத்து இரண்டு ஊரில் வைத்ததுபோன்ற ஏற்பாடு அது.

2019இல் வாங்கிய கணினியில் எப்படிப் பழைய முறை வந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். மதர்போர்டு புதியது, ஆனால் அதன் பயாஸில், அதாவது கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்று வைக்கும் அடிப்படை அமைப்பில், பழைய முறைப்படியும் பூட் ஆக இடங்கொடுக்கும் சிஎஸ்எம் என்ற வசதி திறந்திருந்திருக்கும், விண்டோஸ் போட்டவர் தம் பழைய பென்டிரைவிலேயே போட்டிருப்பார். அன்று எல்லாம் சரியாக ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது உங்கள் புதிய பென்டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறது. டிஸ்க்கோ பழைய முறையில் இருக்கிறது. பூட் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்: ஒன்றின் முன்னே யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் செய்தி வராமல் போகலாம். ஆனால் அந்தக் குறுக்குவழியை நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐயைக் கேட்கிற இயங்குதளம். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி பழைய முறையில் இயங்காது. இன்று சுற்றிக்கொண்டு போனால் நாளை இதே இடத்துக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது, டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10இலேயே நிறுவித் திறந்து பாருங்கள். நீல நிறத்தில் குட் என்று வந்தால் நல்லது. மஞ்சளில் காஷன் என்று வந்தால் பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முன்னது பழுதாகி மாற்றியமைக்கப்பட்ட இடங்கள், பின்னது படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். சி5 சுழியத்துக்கு மேல் இருந்தால் பார்ட்டிஷன் வேலை எதையும் அந்த டிஸ்க்கில் செய்யாதீர்கள். இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். நோயுள்ள டிஸ்க்கில் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதை இன்னும் கெடுக்கும்.

இரண்டாவது, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. ஆறேழு ஆண்டு ஆன கணினியில் அது பெரும்பாலும் உயிரை விட்டிருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால் அதுதான் காரணம் என்று அறிந்துகொள்ளுங்கள். தேதி மட்டும் போனால் பரவாயில்லை. பேட்டரி தீர்ந்தால் பயாஸில் நாம் வைத்த பூட் முறையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், மறுநாள் காலையில் கணினி பூட் ஆகாது. டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி விண்டோஸ் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறிய செலவு, முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. வெளியே தனியாக இருக்கும் ஒரு யுஎஸ்பி ஹார்டுடிஸ்க்கில் டி, இ இரண்டையும் முழுதாகக் காப்பி எடுங்கள். காப்பி ஆன பிறகு இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பண்புகளைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருபது முப்பது படங்களைக் காப்பியிலிருந்தே திறந்து பாருங்கள். சி டிரைவையும் மறக்காதீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. டாலியின் டேட்டா ஃபோல்டர் உண்மையிலேயே டி டிரைவில்தான் இருக்கிறதா என்பதை டாலியின் உள்ளேயே நிறுவனம் திறக்கும் திரையில் சரிபாருங்கள். டியில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, சியில் இருந்து போன கணக்குகள் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஏதும் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாமல் அவை வெறும் ஆங்கிலக் குழப்பமாகத்தான் தெரியும். எல்லாம் முடிந்ததும் அந்த வெளி ஹார்டுடிஸ்க்கைக் கழற்றித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். விண்டோஸ் போடும்போது அது கணினியில் செருகப்பட்டிருக்கவே கூடாது.

இனி வழிக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. நான் முதலாவதையே பரிந்துரைப்பேன்.

பூட் ஆகும் டிஸ்க்தான் ஜிபிடியாக இருக்க வேண்டும். தகவல் வைத்திருக்கும் டிஸ்க் எம்பிஆராகவே இருந்தாலும் விண்டோஸ் 11 அதை எந்தத் தடையுமில்லாமல் படிக்கும், எழுதும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லாததுதான் எனக்கு வருத்தம். சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை 256 ஜிபி அளவில் வாங்கி, அதில் விண்டோஸ் 11ஐ நிறுவி, பழைய 1 டிபி டிஸ்க்கை அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இரண்டாவது டிஸ்க்காக வைத்துக்கொண்டால் உங்கள் சிக்கல் தீர்ந்தது. மாற்றவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அதுமட்டுமல்ல, சுழலும் ஹார்டுடிஸ்க்கில் விண்டோஸ் 11 போட்டால், கணினியைத் திறந்துவிட்டுக் காபி குடித்து வரும் அளவுக்கு நேரம் எடுக்கும். எப்படியும் ஓராண்டுக்குள் எஸ்எஸ்டி வாங்கத்தான் போகிறீர்கள்.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறுவும்போது பழைய டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால், விண்டோஸை ஒன்றில் வைத்து, பூட் செய்வதற்கான கோப்புகளை மற்றொன்றில் வைத்துவிடும் வழக்கம் விண்டோஸ் நிறுவிக்கு உண்டு. பிறகு எப்போதாவது ஒரு டிஸ்க்கைக் கழற்றினால் கணினியே எழுந்திருக்காது. எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது, நிறுவும் திரையில் ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே ஒரு வரிதான் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும். ஃபேட்32இல் 100 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பி அளவுள்ள எம்எஸ்ஆர் பார்ட்டிஷன், சி டிரைவ், ரெகவரி பார்ட்டிஷன் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். நாமாக எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. எல்லாம் முடிந்து விண்டோஸ் திறந்த பிறகு கணினியை நிறுத்தி, பழைய டிஸ்க்கின் கேபிளை மாட்டுங்கள்.

மாட்டியதும் ஒரு குழப்பம் வரும், பதற வேண்டாம். புதிய விண்டோஸ் தன் போக்கில் எழுத்துகளைக் கொடுப்பதால், உங்கள் பழைய சி டிரைவ் டி என்றோ இ என்றோ தெரியலாம், பழைய டி வேறெதோ எழுத்தில் தெரியலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, பழைய சிக்கு எஸ் போன்ற தொலைவான ஓர் எழுத்தை முதலில் கொடுத்து இடத்தைக் காலி செய்துவிட்டு, பிறகு டிக்கு டியும், இக்கு இயும் கொடுங்கள். டாலி தன் தரவை எழுத்தை வைத்துத்தான் தேடும் என்பதால் இதைச் செய்யாவிட்டால் கணக்கே காணோம் என்று வீட்டில் கலவரமாகிவிடும்.

எஸ்எஸ்டி வாங்கும் எண்ணம் இப்போது இல்லை, இருக்கிற டிஸ்க்கிலேயே போட வேண்டும் என்றால் இரண்டாவது வழி. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, அதாவது 2017இலிருந்து, எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தகவலைத் தொடாமல் பட்டியலை மட்டும் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு எழுதித் தருவது அதன் வேலை. உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் டிஸ்க்கில் அதை அப்படியே ஓட்டினால் தோற்றுவிடும் என்று நினைக்கிறேன்; ஏன் என்பதைப் பார்க்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து டிஸ்க் 0 என்ற வரிசையை உற்றுப் பாருங்கள்.

இடது ஓரத்தில் சிஸ்டம் ரிசர்வ்டு என்று ஒரு சின்னப் பெட்டி, அதையடுத்து சி, அதையடுத்து டி. மூன்றின் தலையிலும் கரும் நீலப் பட்டை இருக்கும். கடைசியில் இ மட்டும் வெளிர் நீலப் பட்டையோடு, அதைச் சுற்றி ஒரு பச்சைக் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். நான் சொன்ன அந்த நான்கு என்ற கணக்கு இங்கேதான் வருகிறது. நான்காவது இடத்தை நேரடியாக ஒரு டிரைவுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு ஐந்தாவதுக்கு வழியில்லை என்பதால், விண்டோஸ் அந்த நான்காவது இடத்தை எக்ஸ்டெண்டட் என்ற ஓர் உறையாக்கி, அதற்குள் இயை லாஜிக்கல் டிரைவாக வைத்திருக்கிறது. எம்பிஆர்2ஜிபிடி கருவி மூன்று பிரைமரி பார்ட்டிஷன்கள்வரைதான் ஏற்கும். எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் இருந்தால் தொடவே தொடாது. ஆகவே உங்களைத் தடுத்து நிற்பது இ டிரைவ் ஒன்றுதான். அதைத் தற்காலிகமாக நகர்த்தினால் போதும். சியும் டியும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இயின் காப்பி வெளியே பத்திரமாக இருக்கிறது என்று மறுபடியும் உறுதிசெய்துகொண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இயை வலது கிளிக் செய்து டெலீட் வால்யூம் கொடுங்கள். இப்போது அந்த இடம் பளிச்சென்ற பச்சைப் பட்டையோடு ஃப்ரீ ஸ்பேஸ் என்று மாறும். பலர் இங்கேயே முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். முடியவில்லை, உள்ளே இருந்த லாஜிக்கல் போயிற்றே தவிர, எக்ஸ்டெண்டட் என்ற உறை இன்னும் இருக்கிறது. அந்தப் பச்சை இடத்தையே மறுபடி வலது கிளிக் செய்து இன்னொரு முறை டெலீட் கொடுத்தால், பட்டை கறுப்பாகி அன்அலோகேட்டட் என்று வரும். அதுதான் நமக்கு வேண்டிய நிலை.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலோஃபுல்ஓஎஸ் என்று தட்டச்சிடுங்கள். வேலிடேட் என்பது சோதனை மட்டும். டிஸ்க்கில் எதையும் மாற்றாது. வேலிடேஷன் வெற்றி என்று வந்த பிறகுதான் அதே வரியில் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வர்ட் என்று மாற்றி ஓட்ட வேண்டும். தோல்வி என்று வந்தால் கன்வர்ட்டை முயலவே வேண்டாம். சி டிரைவுக்குள் சிறிது காலி இடம் வைத்திருங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கான இடத்தைக் கருவி சியிலிருந்துதான் சுருக்கி எடுத்துக்கொள்ளும். வேலை நடக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் என்றாலும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாரால் சொல்ல முடியும்.

மாற்றம் முடிந்த கையோடு கணினியை ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எஃப்2 விசையால் பயாஸுக்குள் போய், சிஎஸ்எம்மை முடக்கி யுஇஎஃப்ஐ முறையை வையுங்கள். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் வர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கணினி பூட் ஆகாது. பட்டியல் புதிய முறையில் இருக்க, பயாஸ் பழைய முறையில் தேடிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் இன்டெல் பிடிடி என்பதையும் திறந்துவிடுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதுதான். தனியாக மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஏதும் மாட்டியிருந்தால், சிஎஸ்எம்மை முடக்கியதும் திரை இருட்டாகிவிட வாய்ப்பு உண்டு. அப்படியானால் கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகிப் பாருங்கள். உங்கள் பிராசஸரின் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இல்லையென்றால் திரை வரும்.

பழைய விண்டோஸ் 10 புதிய முறையில் நல்லபடியாகத் திறந்துவிட்டது என்றால் பாதி வேலைக்கு மேல் முடிந்தது. பென்டிரைவில் பூட் செய்யாமல், விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவுக்குள் இருக்கும் செட்டப்பை ஓட்டினால், கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே 11க்கு ஏறலாம். ஆறாண்டுக் குப்பை வேண்டாம், புதிதாகவே போட வேண்டும் என்றால் பென்டிரைவில் பூட் செய்து சி இருந்த பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகளை நம்ப முடியாது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்றுதான் வரும். அதனால் முன்கூட்டியே விண்டோஸ் 10இலேயே டியை வலது கிளிக் செய்து ரீநேம் கொடுத்து, ஆங்கில எழுத்தில் கணக்கு என்று பெயர் வைத்துவிடுங்கள். அந்தப் பெயர் நிறுவும் திரையிலும் தெரியும். ஒவ்வொன்றின் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் கையாலேயே நடந்த ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டையில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரின் கணினியில் விண்டோஸ் போட உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு டிஸ்க். இரண்டும் 1 டிபி. நிறுவும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி, டிஸ்க்குகளைப் பிரிக்கவும் அழிக்கவும் உதவும் டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து பட்டியலைக் கேட்டபோது இரண்டு வரியிலும் 931 ஜிபி என்றுதான் இருந்தது. 1 டிபி என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். டிஸ்க் 0 என்பது விண்டோஸ் இருப்பதாகத்தான் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணை எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. எது முக்கியம் என்பது கணினிக்குத் தெரியாது. கிளீன் என்று கொடுத்து என்டரைத் தட்டினேன். டிஸ்க்பார்ட் ‘உறுதியாகவா’ என்று கேட்பதில்லை. இரண்டு நொடியில் முடிந்தது. அழிந்தது பல குடும்பங்களின் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கின் பட்டியல்.

அன்று காப்பாற்றியது ஒன்றே ஒன்று: தவறு தெரிந்த கணத்தில் கணினியை நிறுத்திக் கேபிளைக் கழற்றினேன், அந்த டிஸ்க்கில் ஒரு பைட்டும் எழுதவில்லை. கிளீன் என்ற கட்டளை பட்டியலைத்தான் அழிக்கிறது, டிஸ்க் முழுவதையும் அல்ல. முழுவதையும் அழிப்பது கிளீன் ஆல் என்ற வேறு கட்டளை. டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளில் அனலைஸ் கொடுத்து, குவிக் சர்ச் ஓடவிட்டேன். அது டிஸ்க் முழுவதும் நடந்து, ஒவ்வொரு பார்ட்டிஷனும் தொடங்கும் அடையாளத்தைத் தேடியது. கிடைத்த வரியின்மேல் நிறுத்திப் பி விசையை அழுத்தியதும் ஃபோல்டர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்தன: மணமக்களின் பெயர், தேதி, ஊர். அவை கண்ணில் பட்ட பிறகுதான் ரைட் கொடுத்துப் பட்டியலை மீண்டும் எழுதினேன். எல்லாம் கிடைத்தது. ஆனால் நான் பதற்றத்தில் விண்டோஸை நிறுவத் தொடங்கியிருந்தால் பல படங்கள் கிடைக்காமலே போயிருக்கும். அதே தவறு எஸ்எஸ்டியில், அதுவும் ஃபார்மட் செய்த பிறகு நடந்திருந்தால் நம்பிக்கையே வேண்டாம். காலியான இடங்களை எஸ்எஸ்டி டிரிம் என்ற முறையில் தானாகவே துடைத்துவிடும். அன்று முதல், சம்பந்தமில்லாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றாமல் நான் எந்தக் கணினியிலும் விண்டோஸ் போட்டதில்லை.

இதே பதிலைத் தேடி வரும் மற்றவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். பதினோராம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளிலிருந்து, நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியாமல் வெறுமையாக இருப்பது உண்டு. டிஸ்க் கெடவில்லை, விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் அது மறைந்திருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்துப் பென்டிரைவில் வைத்து, லோட் டிரைவர் கொடுத்தால் தெரியும். மடிக்கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றினாலும் பயனில்லை. இரண்டாவது, பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருக்கும். இடம் வேண்டும் என்று அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் அடுத்த முறை கிரப் ரெஸ்க்யூ என்று கறுப்புத் திரை வரும். பூட் நிரலின் மீதிப் பகுதி அழித்த பார்ட்டிஷனுக்குள் இருந்ததே காரணம். பழைய எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்தால் விண்டோஸ் பழையபடி எழும். அதற்காக யாரும் ஃபார்மட் அடிக்க வேண்டியதில்லை.

தம்பி, நீங்கள் எந்த வழியில் போனாலும் தொடங்குவதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் ஊகித்தபடி இ டிரைவ் பச்சைக் கோட்டுக்குள் இருக்கிறதா, சிஸ்டம் ரிசர்வ்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். நான்கு கட்டமும் கரும் நீலமாக இருந்தாலும் பாதிப்பில்லை. அப்போது இயை ஒருமுறை டெலீட் செய்தாலே போதும், மற்றவை இதே வரிசையில்தான். வேலை முடிந்து, ஒதுக்கப்படாத இடத்தில் புதிய இயை உருவாக்கிக் காப்பியைத் திருப்பி வைத்த பிறகும் வெளி ஹார்டுடிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். அதை அப்படியே வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்துக் கணினியில் மாட்டித் திறந்து பாருங்கள்.